ரெண்டு ரூபாய்ச் சீர்

எங்கள் இனிகோ மாமா ஜெர்மனி நாட்டுப் பழைய வெள்ளிக் காசுகளைச் சேர்க்கிறவர். இதைக் கேட்டவுடன் எல்லாரும், "அவரு ஜெர்மனிக்குப் போயிருக்காரா?" என்பார்கள். இல்லை. மாமா அதிகமாகப் போன தூரம் வேளாங்கண்ணி. அதுவும் வேனில், கடைசி சீட்டில், வழியெல்லாம் வாந்தி எடுத்துக்கொண்டு. அடுத்தது, "வித்தா எம்புட்டுத் தேறும்?" என்பார்கள். அதற்கு மாமா மூக்கைச் சொறிவார்.

எதற்காகச் சேர்க்கிறார் என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. நான் ஒருதடவை கேட்டேன்.

"நம்ம பக்கம் வெள்ளி எங்கடா ஒரே உருவத்துல இருக்கு? கொலுசு தேஞ்சா மாத்துவோம், மெட்டி பிடிக்கலைன்னா மாத்துவோம். எல்லாம் மூசைக்குள்ள போயி வேற ஒண்ணா வந்துரும். இந்தக் காசுகளப் பாரு. ரெண்டு சண்டையப் பாத்து, கடலைத் தாண்டி, அடிச்ச அன்னைக்கு இருந்த அதே மூஞ்சியோட இம்புட்டு தூரம் வந்து சேந்துருக்கு. அதை உருக்க விடலாமா?" என்றார்.

மூசை என்றால் வெள்ளி உருக்குகிற சின்ன மண்கிண்ணம். மாமா அந்தச் சொல்லைப் பேயின் பெயரைச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்லுவார்.

மாமாவுக்கு வேடசந்தூர் ரோட்டில் ஒரு நூல் மில்லில் பிட்டர் வேலை. வீடு திண்டுக்கல் சவேரியார்பாளையத்தில். முதல் காசு மில்லில்தான் கிடைத்தது. நான் பிறப்பதற்கு ஆறேழு வருஷம் முன்பு மில்லுக்கு ஜெர்மனியிலிருந்து புது மெஷின் வந்தது. அதை மாட்டிக் கொடுக்க ஓர் ஆளும் கூடவே வந்தார். அந்த ஆளுக்குத் தமிழ் தெரியாது, மாமாவுக்கு ஜெர்மன் தெரியாது, இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் அரைகுறை. ஆனால் ஸ்பேனர் தெரியும். அவர் கையை நீட்டினால் எந்த நம்பர் ஸ்பேனர் என்று மாமா பார்த்தே கொடுத்துவிடுவாராம். மெஷின் ஓட ஆரம்பித்த அன்று ஜெர்மன்காரர் பர்ஸைத் திறந்து கழுகு போட்ட ஒரு வெள்ளிக் காசை எடுத்து நீட்டினார். எங்கள் நாட்டில் இனி இந்தக் காசு கிடையாது, வேறு காசு வந்துவிட்டது, இதை நீ வைத்துக்கொள் என்றார்.

மாமா அதை எடுத்துக்கொண்டு நேராக ஒரு வெள்ளிக்கடைக்குப் போனார். நம் ஆட்கள் வேறு எங்கே போவார்கள்? கடைக்காரர் காசை உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்தார். "கலப்பு சாஸ்தி. வெள்ளிதான். போடுறீகளா?" என்றார். மாமா காசைத் திருப்பிப் பார்த்தார். கழுகின் சிறகில் ஒரு கோடு விழுந்திருந்தது. இன்றைக்கும் அந்தக் கோடு இருக்கிறது. ஜெர்மனியில் ஒரு கீறல் இல்லாமல் முப்பது நாற்பது வருஷம் இருந்த கழுகு, திண்டுக்கல்லில் ஒரு நாள் தாங்கவில்லை.

அன்றிலிருந்து மாமாவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் முதல் பூசை, அப்புறம் வெள்ளிக்கடை. திண்டுக்கல், சின்னாளபட்டி, வத்தலக்குண்டு என்று பழைய வெள்ளி வாங்குகிற கடைகளாகப் பார்த்து ஏறி இறங்குவார். உருக்கப் போகிற குவியலில் கழுகு போட்ட காசு ஏதாவது இருக்கிறதா என்று கேட்பார். இருந்தால் அதே எடைக்கு வேறு வெள்ளியைக் கொடுத்துவிட்டுக் காசை எடுத்துக்கொள்வார். கடைக்காரருக்கு எந்த வெள்ளியானாலும் வெள்ளிதான். அதிகமாகக் கிடைத்தது வத்தலக்குண்டில். கொடைக்கானலில் பழைய பங்களாக்களைக் காலி பண்ணும்போது கழிகிற சாமான்கள் மலையிறங்கினால் முதலில் அங்கேதான் நிற்கும். அங்கே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சுருளிவேல் என்பவரின் கடை. மாமாவைக் கண்டதும் அவர், "வாங்க ஜெர்மனி" என்பாராம்.

அவர் கடையில்தான் அந்த ரெண்டு ரூபாய் வந்தது.

ஜெர்மன் காசு ஏன் ரூபாய் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். ஒரு காலத்தில் ஆப்பிரிக்காவில் ஒரு பகுதியை ஜெர்மன்காரர்கள் பிடித்து வைத்திருந்தார்கள். அந்தக் கடற்கரையில் வியாபாரமெல்லாம் நம் ரூபாயில்தான் ஓடியது. அதனால் அவர்களும் தங்கள் ராஜா தலையைப் போட்டு ரூபாய் என்றே வெள்ளியில் அடித்தார்கள். ஒரு ரூபாய்க் காசு நிறைய உண்டு. ரெண்டு ரூபாய் கொஞ்சம்தான் அடித்தார்கள். உள்ளங்கை நிறையப் பெரிய காசு. ஒரு பக்கம் தலைக்கவசத்தின்மேல் கழுகை வைத்துக்கொண்டு மீசைக்கார ராஜா. மறுபக்கம் சிங்கமும் பனை மாதிரி ஒரு மரமும்.

சுருளிவேல் கடைத் தராசில் அதைப் பார்த்ததும் விளிம்பில் பிடித்து எடுத்த மாமா திரும்பக் கீழே வைக்கவில்லை. எடைக்கு எடை கொடுக்க அவரிடம் சொந்த வெள்ளி அப்போது இல்லை. வீட்டில் இருந்தது ஒரு ஜோடித் தண்டை. மாமாவின் அம்மா காலில் கிடந்தது. அந்த அம்மா சாகும்போது, "செல்விக்கு மொதப் பிள்ளை பிறந்தா இதை அழிச்சு அரைஞாண் செஞ்சு போடு" என்று சொல்லி மாமா கையில் கொடுத்திருந்தார்.

செல்வி என்பது அறிவுச்செல்வி. மாமாவின் ஒரே தங்கை. என் அம்மா. அப்போது அவள் வயிற்றில் மொதப் பிள்ளையாக நான் இருந்தேன்.

மாமா தண்டையைக் கொடுத்துக் காசை வாங்கிவிட்டார்.

அவர் ஏமாற்ற நினைக்கவில்லை. இதை நான் சத்தியம் பண்ணுவேன். சம்பளம் வந்ததும் அரைஞாண் வாங்கிப் போட்டுவிடலாம் என்று நினைத்தார். அந்த வருஷம் மில்லில் சம்பளம் இழுத்துக்கொண்டே போனது. என் ஞானஸ்நானம் வந்துவிட்டது. கையில் அரைஞாண் இல்லை. தன் அம்மாவின் வெள்ளி என்று சொல்ல இருந்தது அந்தக் காசு ஒன்றுதான். உலகத்தில் தனக்கு ஆகப் பெரிய சாமான் எதுவோ அதையே தங்கச்சி பிள்ளைக்குப் போட்டுவிடுவது என்று முடிவு பண்ணினார். ஒரு வெல்வெட் டப்பியில் வைத்து எடுத்துக்கொண்டு சித்தையன்கோட்டைப் பக்கம் இருக்கிற எங்கள் ஊருக்கு வந்தார்.

அங்கே நடந்ததைப் பத்துப் பேர் பத்து மாதிரி சொல்கிறார்கள். நானும் அங்கே இருந்தவன்தான். ஆனால் தூங்கிக்கொண்டிருந்தேன். எல்லாரும் ஒரே மாதிரி சொல்வது இது.

எங்கள் ஊரில் விசேஷம் என்றால் யார் என்ன செய்தார்கள் என்பதை மைக்கில் சொல்வார்கள். அன்றைக்கு மைக் பிடித்தவர் மைக்செட் மரியசெல்வம். தாய்மாமன் சீர் என்றதும் ஊரே காதைத் தீட்டும்.

"தாய்மாமன் வாங்க, தாய்மாமன் வாங்க. சீரு என்ன, பவுனா வெள்ளியா?"

"வெள்ளி" என்றார் மாமா.

"சாமான் என்ன?"

"காசு."

"எம்புட்டுக் காசு?"

மாமா உண்மையை மட்டும் பேசுகிற ஆள். டப்பியைத் திறந்து காசைப் பார்த்தார். அதில் எழுதியிருந்ததைச் சொன்னார்.

"ரெண்டு ரூவா."

மரியசெல்வம் ஒரு நொடி மைக்கை மூடிக்கொண்டு, "நெசமாவா?" என்றாராம். மாமா தலையாட்டினார். மரியசெல்வம் தொழில் தெரிந்தவர். "குழந்தையின் தாய்மாமன், திண்டுக்கல் இனிகோ அவர்கள், அன்புடன் வழங்கிய சீர், ரூபாய் ரெண்டு!" என்று இழுத்து முழங்கினார். ஆலமரத்தில் கட்டியிருந்த குழாய் அதை ஆத்தூர் வரைக்கும் கொண்டு போனது.

பந்தல் சிரித்தது. சமையல் ஆட்கள் கரண்டியோடு எட்டிப் பார்த்தார்கள். என் அப்பாவின் அக்கா மரியபுஷ்பம் அத்தை டப்பியைப் பிடுங்கிக் காசை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"ஏலே அந்தோணி, இங்க வா. உம் மச்சான் ரெண்டு ரூவா போட்டுருக்காரு, வந்து வாங்கிக்க. ஆமா, இது யாருப்பா, தலையில கோழியத் தூக்கி வச்சுக்கிட்டு?"

"அது கோழி இல்லைங்க. கழுகு. அவரு ஜெர்மன் ராசா."

"ஜெர்மன் ராசா நம்ம பிள்ளைக்கு எந்த வகையில மாமன்?"

"பின்னாடி பாருங்க, சிங்கம், பனைமரம்…"

"பனைமரமா? அப்பச் சரி. பிள்ளை வளந்து கள்ளு எறக்கிப் பொழைச்சுக்கிருவான்."

மாமாவும் கூடச் சேர்ந்து சிரித்தாராம். வேறு என்ன செய்வார்? அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என்னை மடியில் போட்டுக்கொண்டு, குனிந்த தலை நிமிரவில்லை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அப்பா எப்போதும் ஒன்றும் சொல்வதில்லை. அவருக்குத் தேங்காய் வியாபாரம். தேங்காயைத் தட்டிப் பார்த்துப் பழகியவர், மனுஷர்களைத் தட்டிப் பார்ப்பதில்லை.

அதற்கப்புறம் யார் வீட்டுக்கு வந்தாலும் அத்தை, "ரெண்டு ரூவா வாங்குன மகராசி எங்க?" என்று அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறாள். அம்மா ஒரு வாரம் பொறுத்தாள். பிறகு என்னைத் தோளில் போட்டுக்கொண்டு, காசை முந்தானையில் முடிந்துகொண்டு, வத்தலக்குண்டுக்கு பஸ் ஏறினாள். சுருளிவேல் கடையில் போய் உட்கார்ந்தாள்.

சுருளிவேல் காசைப் பார்த்துவிட்டுத் திடுக்கிட்டார். "ஏத்தா, இதுக்காக ஒங்கண்ணன் எத்தனை ஞாயித்துக்கெழமை வந்து காத்துக் கெடந்தாரு தெரியுமா?" என்றார். எந்த வெள்ளியைக் கொடுத்து வாங்கினார் என்பதையும் அவர்தான் சொன்னார்.

"தெரியும்ணே. அதான் ஒங்க கடைக்கு வந்தேன். வேற எடத்துல குடுத்தா மரியாதையில்லாம உருக்கிருவாங்க" என்றாள் அம்மா. அண்ணன் காசை அங்கே வாங்கியது மட்டும்தான் அவளுக்கு முன்பே தெரியும். தண்டையை அந்த நிமிஷம்தான் தெரிந்துகொண்டாள். ஆனாலும் முகத்தில் காட்டவில்லை.

காசு மூசைக்குள் போனது. கூடக் கொஞ்சம் வெள்ளி சேர்த்து, மணி கோத்த அரைஞாண் ஒன்று செய்து என் இடுப்பில் கட்டினாள். ஊருக்குள் வந்ததும் ஒவ்வொரு வீடாகப் போய் என் சட்டையைத் தூக்கிக் காட்டியிருக்கிறாள். "எங்கண்ணன் போட்டது. பத்தரு அன்னைக்குள்ள செஞ்சு தரலை. அதான் அடையாளத்துக்கு ஒரு காசைப் போட்டுட்டுப் போச்சு." ஊர் நம்பியது. அத்தைகூட, "அத அன்னைக்கே சொல்லித் தொலைச்சா என்ன?" என்று அடங்கிவிட்டாள். மாமாவின் பேர் எங்கள் ஊரில் வெள்ளியாகப் பளபளத்தது.

அரைஞாண் விஷயம் தெரியாத ஆள் மாமா ஒருத்தர்தான்.

என் முதல் பிறந்தநாளுக்கு அவர் ஒரு சாவி கொடுக்கிற குரங்கு பொம்மையோடு வந்தார். என்னைத் தூக்கினார். இடுப்பில் மணி குலுங்கியது. விரலால் தடவிப் பார்த்தார்.

"இது ஏது?"

"நீ குடுத்ததுலதாண்ணே செஞ்சேன்" என்றாள் அம்மா, அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்து. சுற்றிலும் ஆட்கள் இருந்ததால் அதற்குமேல் சொல்ல முடியவில்லை.

மாமா என்னைக் கீழே இறக்கிவிட்டார். மெதுவாகத்தான் இறக்கிவிட்டார் என்று அம்மா இப்போதும் சொல்லுவாள். "வாரேன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் பஸ் ஸ்டாப்புக்குப் போய்விட்டார். குரங்கு பொம்மை வாசலில் சாவி தீரும்வரை தாளம் தட்டிக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அண்ணன் தங்கை பேச்சு நின்றது. சண்டை என்று ஒன்று நடந்திருந்தால் யாராவது சமாதானம் பண்ணியிருப்பார்கள். சண்டையே நடக்கவில்லை. கோயில் திருவிழாவில் தேர் வந்தால் மாமா ஒரு பக்கம், அம்மா மறுபக்கம். எங்கள் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் அவர் வரவில்லை. மாமாவுக்குப் பெண் கொடுக்க யாராவது வந்தால் முதலில், "கூடப் பிறந்தவக யாரு, கூப்பிட்டு வாங்க, பேசலாம்" என்பார்கள். மாமா, "தங்கச்சி இருக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்வார். கூடப் பிறந்தவளோடு பேசாதவன் கட்டிக்கொண்டவளை எப்படி வைத்துக்கொள்வான் என்று அவர்கள் எழுந்து போய்விடுவார்கள். சில வருஷத்தில் ஆட்கள் வருவதும் நின்றுபோனது.

நான் திண்டுக்கல்லுக்குப் படிக்க வந்தபோதுதான் மாமா வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். படிக்க வந்தேன் என்பது அப்பா சொல்வது. ஸ்கூலுக்குள் இருந்ததைவிட வெளியே இருந்த நேரம் அதிகம். மாமா காசுகளை ஆல்பத்தில் வைப்பதில்லை. மில்லில் தூக்கிப்போடுகிற பேரிங் டப்பாக்களில், ஒரு டப்பாவுக்கு ஒரு காசு. சோப்புப் போட்டுக் கை கழுவினால்தான் டப்பாவைத் தொடலாம். அதுவும் விளிம்பில்தான் பிடிக்கணும். அவர் அந்த ரெண்டு ரூபாயைப் பற்றி மற்ற காசுகளைச் சொல்வதுபோலவே சொல்லுவார். என் அம்மாவைப் பற்றி மட்டும் கேட்க மாட்டார். "வீட்ல எல்லாம் சௌக்கியமா?" என்பார். வீட்டில் அப்பா, நான், என் தங்கச்சி, அம்மா. அந்த 'எல்லாம்' யார் என்று எனக்குத் தெரியாதா?

அம்மாவும் அப்படித்தான். நான் கிளம்பும்போது பையில் கொய்யாப்பழத்தை நிரப்பி, "யாருக்காச்சும் குடு" என்பாள். ஒரு தடவை வேண்டுமென்றே பஸ்ஸில் பக்கத்து சீட்டு ஆளுக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லிப் பார்த்தேன். துடைப்பம் எடுத்துக்கொண்டு வந்தாள்.

ஒருநாள் அத்தையின் போட்டோவை எடுத்து, போனில் தலைமேல் ஒரு கோழியை உட்காரவைத்து, கீழே 'ஜெர்மன் ராணி' என்று எழுதி ஸ்டேட்டஸ் போட்டேன். அரை மணி நேரத்தில் சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். அப்பா என் போனைப் பிடுங்கினார். அம்மா திட்டிக்கொண்டே வாங்கிப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செத்த நேரம் தோள் குலுங்கியது. சிரித்தாளா அழுதாளா என்று எனக்கு இன்னும் தெரியாது.

இப்படியே நான் பதினேழு வயதுக்கு வந்துவிட்டேன். போன மாசம் என் தங்கச்சி ஜெனிட்டா பெரியமனுஷி ஆனாள். எங்கள் பக்கம் வேதக்காரர்களானாலும் சடங்கு உண்டு, சடங்கென்றால் தாய்மாமன் உண்டு.

"மாமன் இல்லாம எப்படி? ஒரு வார்த்தை சொல்லி விடுங்க. வந்தா வரட்டும்" என்றாள் அத்தை.

"நான் போயிட்டு வாரேன்" என்றார் அப்பா. அவர் அவ்வளவு பேசியதே அதிசயம்.

"வேணாம்" என்றாள் அம்மா. "நீங்க போனா ஒங்க மச்சானா வரும். நான் போனாத்தான் எனக்கு அண்ணனா வரும்."

வெற்றிலை, பாக்கு, பழம், தட்டு எல்லாவற்றையும் மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். துணைக்கு நான். பஸ்ஸில் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. செபம் சொல்கிறாள் என்று நினைத்தேன். காதை வைத்துக் கேட்டால், "இம்புட்டு நாள் கழிச்சு எதுக்கு வந்தன்னு கேட்டா, எங்கண்ணன் வீட்டுக்கு நான் எப்ப வேணா வருவேன்னு சொல்லணும்" என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள். திண்டுக்கல் வருகிறவரைக்கும் இதே.

மாமா கதவைத் திறந்தார். கையில் சோப்பு நுரை. அம்மாவைப் பார்த்தார்.

"வாங்க" என்றார்.

அம்மா திரும்பிப் பின்னால் பார்த்தாள், அப்பாவும் வந்துவிட்டாரோ என்று. யாரும் இல்லை. அந்த 'வாங்க' அவளுக்குத்தான்.

ஒத்திகை பார்த்ததெல்லாம் போச்சு. உள்ளே போய் உட்கார்ந்தாள். தட்டை எடுத்து வைத்தாள்.

"ஜெனிட்டா பெரியவளாயிட்டாண்ணே."

"அப்படியா. சந்தோசம்மா."

"நீதான் வந்து நிக்கணும்."

"வாரேன்மா. என்னைக்கு?"

நாளைச் சொன்னாள். மாமா காலண்டரில் குறித்துக்கொண்டார். அவ்வளவுதான். வந்த வேலை முடிந்துவிட்டது. எழுந்து வரவேண்டியதுதான். அம்மா எழுந்திருக்கவில்லை.

"அண்ணே, அதை நான் உருக்குனது…"

"தெரியும்மா. சுருளிவேல் சொல்லிட்டாரு. எம் பேரு கெட்டுறக் கூடாதுன்னுதான் நீ செஞ்சன்னு."

"எப்பச் சொன்னாரு?"

"அது ஆச்சு. இவன் அப்பத்தான் நடை பழகியிருப்பான்."

"அப்பவே தெரியுமா? தெரிஞ்சுமா வரலை நீ?"

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வாரது? அம்மா தண்டையக் கொண்டுபோயிக் குடுத்துட்டேன். ஒனக்குன்னு வச்சிருந்தது. அதை ஒங்கிட்டச் சொல்லணும்ல."

"தண்டை போனது எனக்கு அன்னைக்கே தெரியும்ணே. அந்த ஆளுதான் சொன்னாரு."

"அப்ப நீ ஏன் வந்து கேக்கலை?"

"நீ காசை உருக்குன கோவத்துல இருக்கன்னு நெனச்சேன்."

"நீ தண்டையக் குடுத்த கோவத்துல இருக்கன்னு நான் நெனச்சேன்."

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு யாருக்காவது நடந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாசம் சிரித்திருப்பேன். சுருளிவேல் கடைக்காரர் இரண்டு பேரிடமும் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். ஒருத்தருக்குத் தெரியும் என்பதை மற்றவரிடம் சொல்லவில்லை, அவரை யாரும் கேட்கவும் இல்லை. இரண்டு பேர் மேலேயும் இரண்டு பேருக்கும் கோபமே இருந்ததில்லை. கோபம் இல்லாமலே இத்தனை வருஷம் ஓடிப்போயிருக்கிறது. கோபம் இருந்திருந்தாலாவது ஒரு நாள் தீர்ந்திருக்கும்.

"அந்த அரைஞாண் இருக்கா?" என்றார் மாமா. "ஒருதடவை பாத்துட்டுத் தாரேன்."

அம்மா முந்தானையை விரலில் சுற்றினாள். "மாத்திட்டேண்ணே. இவனுக்குப் பத்தாமப் போச்சு. அதைப் போட்டு ஜெனிட்டாவுக்குக் கொலுசு எடுத்தேன். அதுவும் சின்னதாயி, அதைப் போட்டு…"

"சரி. விடும்மா" என்றார் மாமா.

போவதற்கு முன்னால் அம்மா காசுகளைப் பார்க்க வேண்டும் என்றாள். மாமா டப்பாக்களை எடுத்து வந்தார். அம்மா தானாகவே போய்க் கை கழுவி வந்து, ஒரு காசை விளிம்பில் பிடித்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள்.

"அது மாதிரி இன்னொண்ணு கெடைச்சுச்சா?"

"இல்ல."

"தேடுறியா?"

"வத்தலக்குண்டுப் பக்கமே இப்பப் போறதில்லம்மா."

சடங்குக்கு மாமா முதல் ஆளாக வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. தட்டுத் தட்டாகச் சீர். பட்டு, வளையல், பூ, பழம், சாக்லேட், வெள்ளிக் கொலுசு ஒரு ஜோடி. கடைப்பெட்டியோடு, கடைப்பில்லோடு. யாரும் ஒரு கேள்வி கேட்கிற மாதிரி இல்லை. மரியபுஷ்பம் அத்தை கொலுசைக் கையில் தூக்கி எடை பார்த்துவிட்டு, "மாமன்னா இப்படியில்ல இருக்கணும்" என்றாள். மாமா கும்பிட்டார்.

அம்மா என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். "அன்னைக்குப் போட்டதுதான் மதினி சீரு" என்றாள். சத்தமாகத்தான் சொன்னாள். அத்தைக்கு விளங்கவில்லை. "எது?" என்றாள். அதற்குள் போட்டோக்காரர் எல்லாரையும் நகரச் சொன்னார்.

மாமா ஜெனிட்டாவுக்கு மாலை போட்டு, நெற்றியில் சிலுவை வரைந்து, கொலுசுப் பெட்டியைக் கையில் கொடுத்தார். ஜெனிட்டா பவ்யமாக, "தேங்க்ஸ் அங்கிள்" என்றாள். அவள்மேல் தப்பில்லை. அவரை அவள் தேருக்கு அந்தப் பக்கம்தான் பார்த்திருக்கிறாள். நான் அவள் விலாவில் இடித்தேன். அதற்குள் அவர் மேடையை விட்டு இறங்கிவிட்டார்.

கூட்டம் கலைந்த பிறகு அம்மா மாமாவைப் பந்தியில் உட்கார விடவில்லை. "வீட்ல ஒனக்குன்னு தனியா வச்சிருக்கேன்" என்று உள்ளே கூட்டி வந்தாள். காலையில் அத்தனை வேலைக்கு நடுவிலும் தானே மீன் குழம்பு வைத்திருந்தாள். இலை போட்டுச் சோறு வைத்து, குழம்பை ஊற்றி, எதிரே உட்கார்ந்துகொண்டாள். மாமா ஒரு வாய் சாப்பிட்டார். அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா இன்னொரு வாய் சாப்பிட்டார்.

"எப்படிண்ணே இருக்கு?"

"ரொம்ப நல்லா இருக்கும்மா."

"நெசமாவா?"

"ஆமாம்மா. அருமையா இருக்கு."

இலையைச் சுத்தமாக வழித்துச் சாப்பிட்டார். மறுசோறுக்கும் அதையே ஊற்றிக்கொண்டார். கை கழுவிக்கொண்டு வந்து, மறுநாள் காலை ஷிப்ட் என்று சொல்லி, எல்லாரிடமும், "அப்ப நான் வரட்டுங்களா" என்று கேட்டுக்கொண்டு கிளம்பினார். நான் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது எனக்குப் பசி. சட்டியில் மிச்சம் இருந்த குழம்பை ஊற்றிப் பிசைந்து வாயில் வைத்தேன். துப்பிவிட்டேன்.

"ஏம்மா, இதுல ஒரு கல்லு உப்புக்கூட இல்ல."

அம்மா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"தெரியும். வேணும்னுதான் போடலை."

"எதுக்கு?"

"முன்னெல்லாம் உப்பு ஒரு கல்லு கொறைஞ்சாலும் எங்கண்ணன் சட்டியத் தூக்கி வெளிய வச்சிரும். தெருவுக்கே கேக்குற மாதிரி என்னைய வையும்." சாம்பலை அள்ளி மறுபடியும் சட்டியைத் தேய்த்தாள். "இன்னைக்கும் வையும்னு பாத்தேன்டா."